எஸ்எஸ்டி சேமிப்பகங்களின் வேகத்தை மதிப்பிடுதல்

திண்மநிலைச் சேமிப்பகம் அல்லது எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டோ நகரும் பாகமோ இல்லாமல், ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமித்து வைக்கும் கருவியாகும். கணினிக்குள் பொருத்தப்படுவது உள்ளகச் சேமிப்பகம். யுஎஸ்பி அல்லது தண்டர்போல்ட் கம்பி வழியாக வெளியிலிருந்து இணைக்கப்படுவது கையடக்கச் சேமிப்பகம். இவற்றின் பெட்டிகளில் நொடிக்கு 1,050 மெகாபைட், 7,400 மெகாபைட், 14,000 மெகாபைட் என்று பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்களில் பொய் ஏதுமில்லை. ஆனால் அவை மிகச் சாதகமான சூழலில், பெரும்பாலும் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ மட்டும் கிடைக்கும் வேகங்கள். அன்றாட வேலையில் அந்த வேகத்தில் எவ்வளவு மிஞ்சும், எவ்வளவு நேரம் நிற்கும், எழுதப்பட்ட தரவு பத்திரமாக இருக்குமா என்ற மூன்றும்தான் மதிப்பீட்டின் உண்மையான கேள்விகள்.

பின்னணி

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. 1984இல் அவர் அதை அறிவியல் மாநாடு ஒன்றில் வெளியிட்டார். இன்றைய எஸ்எஸ்டிகள் அனைத்துக்கும் அடிப்படையான நாண்ட் வகை 1987இல் வந்தது. ஒரு பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் அழிக்கும் அதன் இயல்பு கேமராவின் ஃபிளாஷ் ஒளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றியவர் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1991இல் சான்டிஸ்க் நிறுவனம் ஐபிஎம்முக்காக 20 மெகாபைட் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டியைத் தயாரித்தது. அதன் விலை ஏறத்தாழ 1,000 டாலர். இன்றைய கைப்பேசி கேமராவின் உயர்தரப் படங்கள் இரண்டு மூன்று அதில் அடங்கினால் அதிகம்.

இணைப்பு வழியும் அதன் உச்சவரம்பும்

எந்தச் சேமிப்பகமும் தான் இணைக்கப்பட்டுள்ள வழியைவிட வேகமாக ஓட முடியாது. 2.5 அங்குல அளவில் வரும் சாட்டா வகை நொடிக்கு 6 ஜிகாபிட் வழியில் இயங்குகிறது. குறியீட்டுச் செலவுகள் போக, அதில் நொடிக்கு 550 அல்லது 560 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்காது. இந்த வகையில் எல்லா நிறுவனங்களும் பல ஆண்டுகளாக அதே எண்ணைத்தான் அச்சிடுகின்றன. அந்த எண்ணை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வழியில்லை.

சாட்டாவின் பின்னணியில் இருந்த ஏஎச்சிஐ நெறிமுறை, வன்தட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதில் ஒரே ஒரு கட்டளை வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வெளியான என்விஎம்இ நெறிமுறை 64 ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் வரிசைகளையும், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகளையும் அனுமதிக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டிகள் பிசிஐஇ தடங்களில் நேரடியாக இயங்குகின்றன. நான்கு தடங்களில் மூன்றாம் தலைமுறை சுமார் 3,500, நான்காம் தலைமுறை சுமார் 7,400, ஐந்தாம் தலைமுறை 14,000 மெகாபைட் வரை தருகிறது.

இங்கே பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. எம்.2 என்பது ஒரு வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 2280 அட்டை சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இயாகவும் இருக்கலாம். பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் எம்.2 செருகுவாய் சாட்டாவை மட்டுமே ஏற்கும். புதியவை சில என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். அதேபோல் மூன்றாம் தலைமுறை மட்டுமே உள்ள பலகையில் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டியைப் பொருத்தினால் அது வேலை செய்யும்; ஆனால் மூன்றாம் தலைமுறையின் வேகத்தில்தான். வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் ஆவணம், எஸ்எஸ்டியின் பெட்டியைவிடக் கணினியின் கையேடே.

தொடர் வேகமும் சிதறல் வேகமும்

பெட்டியில் உள்ள எண் தொடர் வாசிப்பு வேகம். அதாவது ஒரு பெரிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வேகம். கணினி தொடங்கும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது வேறு: அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு சிறு துண்டுகள், பெரும்பாலும் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்ற கணக்கில், படிக்கப்படுகின்றன. இதை அளக்க 4 கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் சோதனை பயன்படுகிறது.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தலைப்பகுதி நகரும் நேரத்தையும் சேர்த்தால், நொடிக்கு நூறு துண்டுகளைக்கூடப் படிக்க முடியாது. மெகாபைட் கணக்கில் அது 0.4க்கும் குறைவு. சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரை தருகிறது. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி 60 முதல் 90 வரை தருகிறது. வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ நூறு மடங்கு. அங்கிருந்து விலையுயர்ந்த என்விஎம்இக்கு மாறும்போது கிடைப்பது இரண்டு மடங்கு. பத்தாண்டு பழைய கணினிக்கு ஓர் எளிய எஸ்எஸ்டி பொருத்தியவர்கள் அடையும் வியப்பும், பின்னர் இன்னும் வேகமானதை வாங்கியவர்கள் அடையும் ஏமாற்றமும் இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் நிரல் எழுதவும் பயன்படும் கணினிக்கு 7,000 மெகாபைட் வேகத்தில் பயன் சிறிதே. பெரிய காணொளிக் கோப்புகளைத் தொகுப்பவருக்கும், நொடிக்கு 5,500 மெகாபைட் வாசிப்பு வேகத்தைப் பரிந்துரைக்கும் பிளேஸ்டேஷன் 5 போன்ற விளையாட்டுக் கருவி வைத்திருப்பவருக்கும் கதை வேறு.

செல்களும் கேஷும்

எஸ்எஸ்டியின் விலையையும் தன்மையையும் தீர்மானிப்பது, ஒரு நினைவகச் செல்லில் எத்தனை பிட்டுகள் எழுதப்படுகின்றன என்பது. ஒரு பிட் எழுதும் எஸ்எல்சி செல்லில் இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். எம்எல்சி எனப்படும் இரண்டு பிட் செல்லில் நான்கு, டிஎல்சியில் எட்டு, நான்கு பிட் எழுதும் க்யூஎல்சியில் பதினாறு. நிலைகள் கூடக்கூட அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி குறைகிறது. எழுதும்போது மெல்ல மெல்ல, சரிபார்த்துச் சரிபார்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே வேகமும் ஆயுளும் குறைகின்றன, விலையும் குறைகிறது.

இந்த மெதுவை மறைக்க, தயாரிப்பாளர்கள் செல்களின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் இயக்குகிறார்கள். இதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். வரும் தரவு முதலில் இங்கே வேகமாக விழுகிறது; கணினி சும்மா இருக்கும்போது அது அடர்த்தியான செல்களுக்கு மாற்றப்படுகிறது. நாள்தோறும் சில ஜிகாபைட் எழுதுபவர் கேஷுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையே அறியாமல் ஆண்டுகளைக் கழித்துவிடலாம். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டை நகலெடுப்பவர் அதைக் கட்டாயம் அறிந்துகொள்வார்.

சாம்சங் 870 க்யூவிஓ என்ற சாட்டா எஸ்எஸ்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எழுத்து வேகம் நொடிக்கு 530 மெகாபைட் என விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் அதன் தொழில்நுட்பக் கையேடே இன்னோர் எண்ணையும் தருகிறது: 1 டெராபைட் வகையில் கேஷ் தீர்ந்தபின் நொடிக்கு 80 மெகாபைட். அந்தக் கேஷ் 6 ஜிகாபைட் நிலையானதும், காலியிடம் இருந்தால் மேலும் 36 ஜிகாபைட்டும் சேர்ந்து 42 ஜிகாபைட். இப்போது 200 ஜிகாபைட் காணொளிகளை இதில் நகலெடுப்பதாகக் கொள்வோம். முதல் 42 ஜிகாபைட் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி 158 ஜிகாபைட்டுக்கு 33 நிமிடம் ஆகும். விளம்பர வேகத்தில் ஆறரை நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை 34 நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது. இன்றைய 3.5 அங்குல வன்தட்டுகள் பலவும் தொடர்ந்து எழுதுவதில் இந்த 80 மெகாபைட்டை எளிதாகத் தாண்டும். அதே எஸ்எஸ்டியின் 2 டெராபைட் வகை 160 மெகாபைட் தருகிறது, ஏனெனில் சில்லுகள் கூடுதலாக இருப்பதால் ஒரே நேரத்தில் அதிக இடங்களில் எழுத முடிகிறது. இரண்டாம் எண்ணையும் ஆவணத்தில் வெளிப்படையாகத் தருவது பாராட்டத்தக்கது. பல தயாரிப்பாளர்கள் அதைச் சொல்வதே இல்லை.

சேமிப்பகம் நிரம்பநிரம்பக் கேஷுக்கான இடமும் சுருங்குகிறது. பாதி காலியாக இருந்தபோது வேகமாக இருந்த எஸ்எஸ்டி, 90 விழுக்காடு நிரம்பியபின் தடுமாறுவதற்கு இது முதன்மைக் காரணம்.

கேஷைத் தவிர, டிராம் என்ற இன்னொரு பகுதியும் சில எஸ்எஸ்டிகளில் இருக்கும். எந்தத் தரவு எந்தச் செல்லில் உள்ளது என்ற முகவரிப் பட்டியல் இதில் வைக்கப்படுகிறது. வழக்கமாக 1 டெராபைட்டுக்கு 1 ஜிகாபைட் டிராம் தேவைப்படும். விலையைக் குறைக்க அதை நீக்கிய என்விஎம்இ எஸ்எஸ்டிகள், கணினியின் நினைவகத்திலிருந்து சில பத்து மெகாபைட்டுகளை இரவல் வாங்கிக்கொள்கின்றன. வீட்டுக் கணினிக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் போதுமானது. அதே அட்டையைக் கழற்றி யுஎஸ்பி கூட்டில் பொருத்தினால் இரவல் வாங்கும் வழி அடைபட்டுவிடும். சிதறல் வேலைகளில் வேகம் விழும்.

அளக்கும் கருவிகள்

விண்டோஸில் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள் கிரிஸ்டல்டிஸ்க்மார்க். இயல்பு அமைப்பில் அது 1 ஜிபி கோப்பை ஐந்து முறை எழுதிப் படிக்கிறது. இந்த அளவு எந்தக் கேஷுக்குள்ளும் அடங்கிவிடும் என்பதால், அதன் எழுத்து வேக முடிவு கேஷின் வேகத்தையே காட்டும். அதன் முடிவுகளில் மேல் வரியில் வரும் பெரிய எண்ணைவிட, கடைசி வரியில் வரும் 4 கிலோபைட், ஒற்றை வரிசை முடிவு அன்றாடப் பயன்பாட்டுக்கு நெருக்கமானது. மதிப்புரைகளில் முதல் வரியை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால், அந்த மதிப்புரை பெட்டியின் மறுபதிப்பு என்று கொள்ளலாம்.

சோதனைத் தரவின் தன்மையும் முடிவை மாற்றும். 2010களின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த சாண்ட்ஃபோர்ஸ் கட்டுப்படுத்திகள் தரவைச் சுருக்கி எழுதின. சுருக்கக்கூடிய தரவை எழுதும் ஆட்டோ மென்பொருளில் அவை மின்னின. சுருக்க முடியாத தரவை எழுதும் ஏஎஸ் எஸ்எஸ்டி மென்பொருளில் வேகம் வெகுவாகக் குறைந்தது. புகைப்படமும் காணொளியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் இரண்டாம் முடிவே உண்மைக்கு அருகில் இருந்தது.

நீடித்த வேகத்தை அறிய, கொள்ளளவின் பெரும்பகுதி நிரம்பும்வரை இடைவிடாமல் எழுதி, நொடிக்கு நொடி வேகத்தைப் பதிவுசெய்ய வேண்டும். லினக்ஸ் கருநிரல் உருவாக்குநர்களுள் ஒருவரான யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ என்ற கருவி இதற்கு ஏற்றது. வரைபடத்தில் முதலில் ஒரு சமவெளி, பிறகு ஒரு செங்குத்துச் சரிவு, சில சமயம் மேலும் ஆழமான இரண்டாவது சரிவு தெரியும். முதல் சரிவு கேஷ் தீர்ந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, கேஷில் உள்ளதை அடர்செல்லுக்கு மாற்றும் வேலையும் புதிய தரவை எழுதும் வேலையும் ஒன்றோடொன்று மோதுவதைக் காட்டுகிறது. ஃபியோ கருவியை வட்டின் மீது நேரடியாக எழுதச் சொன்னால் அதிலிருந்த கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். வெற்றுச் சேமிப்பகத்தில் மட்டுமே செய்யத்தக்க சோதனை அது.

வெப்பநிலையையும் உடன் பார்க்க வேண்டும். பல எம்.2 எஸ்எஸ்டிகளின் இயக்க வரம்பு 70 டிகிரி செல்சியஸ். அதை ஒட்டியோ தாண்டியோ செல்லும்போது கட்டுப்படுத்தி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்பதன அறையில் வெப்பத் தகட்டுடன் செய்த சோதனையின் முடிவு, கோடையில் மின்விசிறிக்குக் கீழே இயங்கும் மெல்லிய மடிக்கணினிக்குப் பொருந்தாது.

கையடக்கச் சேமிப்பகம்

கையடக்க எஸ்எஸ்டி என்பது பெரும்பாலும் உள்ளே ஒரு சாட்டா அல்லது என்விஎம்இ எஸ்எஸ்டியும், அதை யுஎஸ்பியாக மொழிபெயர்க்கும் ஒரு பாலச் சில்லும் சேர்ந்தது. அதன் வேகத்தில் குழப்பம் விளைவிப்பது யுஎஸ்பியின் பெயர்கள். 3.0 என்று வந்தது பின்னர் 3.1 ஜென் 1 ஆனது, அதுவே பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒன்றே: 5 ஜிகாபிட், நடைமுறையில் 450 மெகாபைட் அளவு. 3.2 ஜென் 2 என்றால் 10 ஜிகாபிட், நடைமுறையில் 1,050 வரை. 3.2 ஜென் 2×2 என்றால் 20 ஜிகாபிட், 2,000 வரை. பெயர்களை மறந்துவிட்டு ஜிகாபிட் எண்ணை மட்டும் பார்ப்பது நல்லது.

20 ஜிகாபிட் வகையில் ஒரு பொறி உள்ளது. மேக் கணினிகள் பெரும்பாலானவற்றிலும் பல மடிக்கணினிகளிலும் இந்த முறை இல்லை. யுஎஸ்பி4 செருகுவாய் இருந்தாலும் இது கட்டாயமில்லை. 2,000 மெகாபைட் என்று எழுதப்பட்ட சாம்சங் டி9 போன்ற கருவியை அவற்றில் இணைத்தால் 10 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். கூடுதல் விலை வீண். 40 ஜிகாபிட் தண்டர்போல்ட், யுஎஸ்பி4 கருவிகள் 3,000 மெகாபைட் அளவைத் தொடும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கம்பியும் கணக்கில் சேரும். கைப்பேசியுடன் வரும் டைப்-சி மின்னேற்றக் கம்பிகள் பலவும் உள்ளே யுஎஸ்பி 2.0 மட்டுமே. அவற்றில் எந்த எஸ்எஸ்டியும் 40 மெகாபைட்டைத் தாண்டாது. கருவி பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

உண்மையான தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அளவிடலாம். ஐபோன் 15 ப்ரோ வெளிச் சேமிப்பகத்தில் 4கே புரோரெஸ் காணொளியை நேரடியாகப் பதிவுசெய்ய, ஆப்பிள் கேட்பது நொடிக்கு 220 மெகாபைட் எழுத்து வேகமும் 4.5 வாட்டுக்கு மிகாத மின்தேவையும். 10 ஜிகாபிட் கருவி ஒன்று இதைப்போல் நான்கு மடங்கு வேகத்தை அறிவிக்கும். ஆனால் கேஷ் தீர்ந்தபின் அது 220க்குக் கீழே விழுந்தால் படப்பிடிப்பு நடுவில் நின்றுவிடும். இத்தகைய வேலைக்கு உச்ச வேகத்தைவிடத் தாழ்ந்த வேகமே முக்கியம்.

குறியாக்கம் பற்றியும் ஒரு சொல். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாமே குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்டிகள் பலவற்றில், சாம்சங்கின் டி3, டி5 கையடக்கக் கருவிகள் உட்பட, கடவுச்சொல் இன்றியே தரவை எட்ட முடியும் என்று காட்டினர். அடுத்த ஆண்டு விண்டோஸின் பிட்லாக்கர், கருவியின் குறியாக்கத்தை நம்பாமல் மென்பொருள்வழிக் குறியாக்கத்தையே இயல்பாக்கியது.

ஆயுளும் தரவிழப்பும்

ஆயுள் மொத்த எழுத்து அளவாக, டிபிடபிள்யூ என்று குறிக்கப்படுகிறது. 1 டெராபைட் சாம்சங் 990 ப்ரோவுக்கு இது 600 டெராபைட், உத்தரவாதம் 5 ஆண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 328 ஜிகாபைட் வீதம் ஐந்தாண்டும் எழுதினால்தான் இந்த எல்லை வரும். வீட்டுப் பயனர் யாரும் அதை நெருங்குவதில்லை. எஸ்எஸ்டிகள் இறப்பது பெரும்பாலும் செல் தேய்வதால் இல்லாமல், கட்டுப்படுத்தி, மின்சுற்று, நிலைபொருள் ஆகியவற்றின் கோளாறால்.

இதற்கான சான்றுகள் பதிவாகியுள்ளன. 2014இல் சாம்சங் 840 ஈவோ, பல வாரங்களுக்கு முன் எழுதப்பட்ட கோப்புகளை மிக மெதுவாகப் படிப்பதாகக் கண்டறியப்பட்டது. நிறுவனம் அதே ஆண்டு ஒரு நிலைபொருளும், அது போதாமல் 2015இல் இன்னொன்றும் வெளியிட நேர்ந்தது. 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசைக் கையடக்க எஸ்எஸ்டிகள் திடீரெனத் துண்டிக்கப்பட்டுத் தரவு காணாமல் போவதாகப் புகார்கள் எழுந்தன. அவற்றுள் பலவும், படப்பிடிப்பை முடித்துக் காட்சிகளை அதில் மட்டும் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தவை. அப்போது சான்டிஸ்க்கின் உரிமையாளராக இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் சில வகைகளுக்கு நிலைபொருள் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. அந்தக் கருவிகள் வேகச் சோதனைகளில் சிறந்த மதிப்பெண் பெற்றவை என்பது கவனிக்கத்தக்கது.

வன்தட்டில் அழித்த கோப்பை மீட்கும் பழக்கத்தில் உள்ளவர்கள் எஸ்எஸ்டியில் அதை எதிர்பார்க்கக் கூடாது. கோப்பு அழிக்கப்பட்டதும் டிரிம் என்ற கட்டளை வழியாக இயங்குதளம் அதைக் கருவிக்கு அறிவித்துவிடும். கருவி அந்த இடத்தைத் துடைத்துவிட்டால் மீட்பு மென்பொருளுக்குக் கிடைப்பது வெறும் சுழியங்களே.

மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டி தரவை எவ்வளவு காலம் காக்கும் என்பதும் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஜெடெக் அமைப்பின் தரநிலை, வீட்டுப் பயன்பாட்டு வகைக்கு 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு என்கிறது. இது டிபிடபிள்யூ எல்லை முழுவதும் தேய்ந்து முடிந்த கருவிக்கான குறைந்தபட்சம். புதிய கருவி அதைவிட நெடுங்காலம் தாங்கும். இருப்பினும் வெப்பம் கூடினால் மின்னூட்டக் கசிவு விரைவாகும். பத்தாண்டுக்குத் திறக்காமல் வைக்க வேண்டிய குடும்பப் படங்களுக்கு எஸ்எஸ்டி மட்டும் போதாது.

ஒரே பெயர், வேறு பொருள்

மதிப்புரையைப் படித்து வாங்கியவருக்கு மதிப்புரையில் வந்த பொருளே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2021இல் மட்டும் மூன்று பெரிய நிறுவனங்கள், பெயரை மாற்றாமல் உள்பாகங்களை மாற்றியது வெளிப்பட்டது. க்ரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்550இன் நினைவகம் மாற்றப்பட்டு, கேஷுக்குப் பிந்தைய வேகம் குறைந்தது. சாம்சங் 970 ஈவோ ப்ளஸ்ஸின் கட்டுப்படுத்தி மாறி, கேஷ் பெரிதானது, அதற்குப் பிந்தைய வேகம் குறைந்தது. மதிப்புரையின் தேதியையும், வாங்கிய பொருளின் நிலைபொருள் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வாங்குபவரிடம் வேறு ஆயுதம் இல்லை.

இணையச் சந்தைகளில் நம்ப முடியாத விலைக்கு விற்கப்படும் 16 டெராபைட் கையடக்க எஸ்எஸ்டிகள் தனி வகை. உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையும், கொள்ளளவைப் பொய்யாக அறிவிக்கும் நிலைபொருளும் மட்டுமே இருக்கும். உண்மை அளவைத் தாண்டியபின் எழுதப்படும் கோப்புகள் பெயரளவில் பட்டியலில் தெரியும், திறக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவசக் கருவிகள், கொள்ளளவு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பொய்யைக் காட்டிவிடும். 1 டெராபைட் உண்மைக் கருவியை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது இந்த மோசடியில் சேராது. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காகவும் விண்டோஸ் 1,024இன் மடங்காகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. புதிதாக வாங்கிய எந்தக் கையடக்கக் கருவியிலும் இந்த முழு எழுத்துச் சோதனையை ஒருமுறை நடத்தினால் கொள்ளளவு, கேஷின் எல்லை, சூடேறும் தன்மை மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். 1 டெராபைட் 10 ஜிகாபிட் கருவிக்கு இது அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம்வரை ஆகலாம். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.